எட்சியில புது கைவினைக் கடை கண்ணுல படுமா? பினாங்குல இருந்து ஒரு ரிவியூ

நேரா விஷயத்துக்கு வரேன். கையால சாமான் செஞ்சு ஆன்லைன்ல விக்கிற நம்ம ஆளுங்க, முக்கியமா வீட்டுல இருந்தே செய்யிற அக்கா தங்கச்சிங்க, அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணுதான். கடை திறந்துட்டேன்கா, போட்டோ போட்டுட்டேன், பேர் வச்சுட்டேன், ஆனா ஒருத்தரும் எட்டிப் பாக்கல, எட்சி நல்லா இருக்கா இல்ல ஷாப்பியே போதுமா? எட்சின்னா கையால செஞ்ச சாமானுக்கான வெளிநாட்டு ஆன்லைன் சந்தை, ஷாப்பின்னா இங்க எல்லாரும் எல்லாமும் வாங்குற ஆன்லைன் கடை ஆப். இதுக்கு வாட்ஸ்அப்ல துண்டு துண்டா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு.

என் தீர்ப்பு இதுதான்: உங்க பொருள் எவ்வளவு குறுகலா இருக்கோ, அதாவது எல்லாருக்கும் தேவைப்படாம ஒரு சிலர் மட்டும் ஏங்கித் தேடுற பொருளா இருக்கோ, அவ்வளவுக்கு எட்சி உங்களுக்கு வேலை செய்யும். யார் வேணும்னாலும் வாங்கலாம்னு ஒரு சாதாரண கீ செயின், சாதாரண மெழுகுவர்த்தி, இதெல்லாம் கொண்டு போனா அங்க மூழ்கிடுவீங்க, மூழ்கினது கூட வெளிய தெரியாது.

நான் செய்யிறது வாசல் தோரணம், ஆரத்தித் தட்டு, கொஞ்சம் நூல் வளையல். ஜார்ஜ்டவுன்ல நம்ம லிட்டில் இந்தியா பக்கம், லெபோ பாசார்ல இருந்து லெபோ பினாங் வரைக்கும் ஒரு நடை நடந்தா ரெடிமேட் தோரணம் கடைக்குக் கடை தொங்கும், நான் கம்பளி நூலும் மணியும் வச்சு உக்காந்து பின்றதோட விலையில பாதிக்கும் கம்மி. அங்க வாங்க வர்றவங்ககிட்ட போய் இது கையால செஞ்சதுன்னு விளக்கிக்கிட்டு நிக்க முடியாது, அவங்களுக்கு பக்கத்துலயே மலிவா இருக்கு, அவங்க மேல தப்பும் இல்ல. ஆனா லெஸ்டர்லயோ மெல்பர்ன்லயோ இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, வீட்டு வாசலுக்கு மாம்பழக் கலர்ல ஒரு தோரணம் வேணும்னா, அதுவும் அவங்க கதவு அளவுக்கு வேணும்னா, தெருவுல இறங்கி நடந்தா கிடைக்காது, அவங்க போன்லதான் தேடுவாங்க. அந்தத் தேடல் நடக்குற இடத்துல நம்ம இருக்கணும், எட்சியோட மதிப்பே அதுதான்.

ஷாப்பியை குறை சொல்லல. நானே வீட்டுக்குத் தேவையானது எல்லாம் அதுலதான் வாங்குறேன். ஆனா ஷாப்பிக்குள்ள வர்ற ஆள் விலை பாத்து வர்றாங்க, வவுச்சர் பாத்து வர்றாங்க, ஃப்ரீ ஷிப்பிங் பாத்து வர்றாங்க, ஒரே மாதிரி பொருள் அம்பது கடையில இருந்தா கம்மியா இருக்கிறதைத் தட்டுவாங்க. மெஷின்ல அடிச்ச சாமான் பக்கத்துல நம்ம சாமான் போட்டோ வந்து நின்னா, அந்தச் சின்ன சதுரத்துல வித்தியாசம் தெரியாது, விலை மட்டும்தான் தெரியும். எட்சி 2005ல நியூயார்க் புரூக்ளின்ல ஆரம்பிச்சப்பவே கையால செஞ்சது, பழைய சாமான், கைவினைக்கு வேண்டிய பொருள் இந்த மூணுக்குன்னே வந்த சந்தை, பழசுன்னா அவங்க கணக்குல குறைஞ்சது 20 வருஷம் ஆகியிருக்கணும். இப்ப அங்கயும் பெரிய ஆளுங்க நுழைஞ்சு கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு, ஆனா 2024 ஜூலைல இருந்து ஒவ்வொரு பொருளும் விக்கிறவரே செஞ்சதா, டிசைன் மட்டும் பண்ணதா, தேடிப் பிடிச்சு விக்கிறதான்னு பிரிச்சுக் காட்டச் சொல்லிட்டாங்க. கையால செய்யிற நமக்கு அது நல்லது, அந்த இடத்தை காலியா விடாம ஒழுங்கா நிரப்புங்க.

சரி, தேடல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டாதான் மத்தது புரியும். இரண்டு கட்டமா நடக்குது. முதல்ல வாங்குறவர் டைப் பண்ண வார்த்தை உங்க பொருளோட பொருந்துதான்னு பாக்கும், தலைப்பு, டேக் (தேடுறவங்களுக்காக நீங்க சேக்கிற வார்த்தை), கேட்டகரி, கலர் மெட்டீரியல் மாதிரி விவரம் எல்லாத்துலயும் தேடும். பொருந்தினது எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம்தான் யார் மேல, யார் கீழன்னு வரிசைப்படுத்தும். அந்த வரிசையில உங்க பொருளைப் பாத்தவங்க கிளிக் பண்ணாங்களா, இதயத்தைத் தட்டினாங்களா, வாங்கினாங்களாங்கிறது கணக்காகும், ரிவியூ எப்படி இருக்கு, டெலிவரி காசு எவ்வளவு, புதுசா போட்டதா இதெல்லாமும் சேரும். புதுசா போட்ட லிஸ்டிங்குக்கு, அதாவது ஒரு பொருளுக்குன்னு போடுற பக்கத்துக்கு, கொஞ்ச நாளைக்கு மட்டும் சின்னதா ஒரு தள்ளு கிடைக்கும். அதனால 20 பொருளையும் ஒரே ராத்திரியில ஏத்திட்டு காத்துக்கிட்டு இருக்காதீங்க, வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் அந்தத் தள்ளு தனித்தனியா கிடைக்கட்டும்.

ஒரு லிஸ்டிங்குக்கு 13 டேக், ஒவ்வொண்ணும் 20 எழுத்து வரைக்கும், நடுவுல விடுற இடமும் சேத்துத்தான் 20. இந்த 13ஐயும் நிரப்பாத கடை எவ்வளவு இருக்குன்னு பாத்தா வயிறு எரியும். நிரப்புறவங்களும் ஒத்த வார்த்தையா போடுவாங்க, ‘அழகு’, ‘பரிசு’, ‘ஹேண்ட்மேட்’னு. அங்க ஹேண்ட்மேட்னு போட்டா கோடிக்கணக்குல வரும், அதுல உங்க முகம் எங்க தெரியப்போகுது. வாங்குறவர் வாயில எப்படி வருமோ அப்படிப் போடுங்க, ரெண்டு மூணு வார்த்தை சேத்து. அப்புறம் நம்ம பேச்சுல தோரணம்னு சொன்னாலும் இங்கிலீஷ் எழுத்துல அதைத் தேடுறவங்க பாதிப் பேர் ‘டோரன்’னுதான் அடிப்பாங்க, இந்தி பேசுறவங்க ‘பந்தன்வார்’னு அடிப்பாங்க, இந்தியப் பழக்கமே இல்லாதவங்க ‘டோர் ஹேங்கிங்’னு அடிப்பாங்க, மூணு பேருக்கும் வேண்டியது ஒரே சாமான்தான், அதனால மூணுமே டேக்ல இருக்கணும். எட்சியில தமிழ்ல தளம் கிடையாது, மலாய்லயும் கிடையாது, அதனால இங்கிலீஷ் எழுத்துலதான் எல்லாமே.

இன்னொண்ணு, பொருளோட பேரை மட்டும் போடாதீங்க, எதுக்கு வாங்குறாங்கன்னும் போடுங்க. தீபாவளிக்கு, கிருகப்பிரவேசத்துக்கு, வளைகாப்புக்கு, நவராத்திரி கொலுவுக்கு, பூஜை ரூமுக்கு. ஆரத்தித் தட்டுன்னு தேடுறவங்க கம்மி, கல்யாணத்துக்கு வேணும்னு தேடுறவங்க அதிகம். ஒரே தோரணத்தை கலர் மாத்தி, அளவு மாத்தி செய்வீங்கன்னா எல்லாத்தையும் ஒரே லிஸ்டிங்ல ஆப்ஷனா அடைக்காம, ரொம்ப வித்தியாசமா இருக்கிறதை தனித்தனியா போடுங்க, ஏன்னா லிஸ்டிங் ஒவ்வொண்ணும் தேடல்ல தனி வழி. கடையில மொத்தம் நாலே பொருள் இருந்தா நாலு வழிதான். தலைப்புக்கு 140 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, அதுக்காக எல்லா வார்த்தையையும் கமா போட்டு கொட்டுறது இப்ப வேலைக்கு ஆகாது, முதல் நாலஞ்சு வார்த்தையிலயே என்ன சாமான்னு தெரியணும், போன்ல அவ்வளவுதான் தெரியும்.

போட்டோவைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா தேடல்ல மேல வந்தாலும் போட்டோ சரியில்லன்னா கிளிக் வராது, கிளிக் வரலன்னா திரும்ப கீழ இறக்கிடும். ஸ்டூடியோ வேணாம், பெரிய கேமரா வேணாம், காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், டியூப் லைட்ல மட்டும் எடுக்காதீங்க, மஞ்சள் நூல் பச்சை அடிச்ச மாதிரி தெரியும், குங்குமச் சிவப்பு செத்துப் போயிரும். முதல் போட்டோவுல பொருள் எங்க பயன்படுதோ அங்க இருக்கணும். தோரணம்னா நிஜமான ஒரு வாசல்ல தொங்கணும். என் ஃபிளாட் கதவுக்கு முன்னாடி இரும்பு கிரில் இருக்கு, மலேசியாவுல பாதி வீட்டுக்கு அப்படித்தான், அது முன்னாடி எடுத்தா வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜெயில் மாதிரி தெரியுதுன்னு என் அண்ணிதான் சொன்னாங்க, அதனால கிரில்லைத் திறந்து வச்சுட்டு மரக்கதவு மட்டும் தெரியிற மாதிரி அண்ணிதான் இப்ப எடுத்துத் தர்றாங்க. ரெண்டாவது போட்டோ கிட்டக்க, பின்னல் தெரியிற மாதிரி. மூணாவதுல கை இருக்கணும், உங்க கை, மணி கோக்கிற மாதிரி. மெஷின் சாமான் விக்கிறவனால அந்தப் போட்டோ போட முடியாது. நாலாவது அளவு. இஞ்ச்லயும் சென்டிமீட்டர்லயும் ரெண்டுலயும் எழுதிடுங்க, 36 இஞ்ச்னா 91 சென்டிமீட்டர்னு, ஏன்னா கதவு அகலம் நாட்டுக்கு நாடு மாறும், சின்னதா வந்துருச்சு பெருசா வந்துருச்சுன்னு ரிவியூவுல ஸ்டார் குறையிறது பாதி இந்த ஒரு விஷயத்தாலதான். சின்ன வீடியோவும் போடலாம், 15 செகண்ட் வரைக்கும், சத்தம் வராது, அதனால மணி அசையிறது கண்ணால தெரியிற மாதிரி எடுங்க.

இப்ப காசு. கடை திறக்கிறது லேசு, ஆனா எங்கெங்க கழிப்பாங்கன்னு தெரியாம விலை போட்டா கையைக் கடிக்கும். ஒரு லிஸ்டிங் போட 20 அமெரிக்க சென்ட், 4 மாசம் நிக்கும், அப்புறம் புதுப்பிக்க மறுபடி 20 சென்ட், ஒண்ணு வித்து அதே லிஸ்டிங்ல இன்னும் ஸ்டாக் இருந்தாலும் மறுபடி 20 சென்ட். வித்தா 6.5% கமிஷன், முன்னாடி 5%தான் இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல ஏத்தினாங்க, அப்ப உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கடைக்காரங்க ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்பு காட்டினாங்க, ஆனா குறைக்கல. நிறைய பேருக்குத் தெரியாதது, இந்த 6.5% பொருள் விலைக்கு மட்டும் இல்ல, நீங்க வாங்குற டெலிவரி காசுக்கும் சேத்துத்தான். 20 டாலர் தோரணம், 10 டாலர் டெலிவரின்னா 30 டாலருக்கு கணக்கு, 1 டாலர் 95 சென்ட் போயிடும். இதுக்கு மேல பணம் வசூலிக்கிற கட்டணம் தனி. நீங்க டாலர்ல விலை போட்டு வெள்ளியில, அதாவது மலேசிய ரிங்கிட்ல, பணம் எடுத்தீங்கன்னா கரன்சி மாத்துறதுக்கு 2.5% தனி.

அப்புறம் ஆஃப்சைட் ஆட்ஸ்னு ஒண்ணு இருக்கு, இதை நல்லா படிச்சுக்குங்க. எட்சி அவங்க காசுல உங்க பொருளை கூகுள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், பின்டரெஸ்ட்னு வெளிய விளம்பரம் பண்ணுவாங்க. அந்த விளம்பரத்தைத் தட்டினவர் 30 நாளுக்குள்ள உங்க கடையில வாங்கினா 15% எடுத்துக்குவாங்க. வருஷத்துக்கு 10,000 டாலர் தாண்டி விக்கிற கடைக்கு 12%, ஆனா அவங்க வேணாம்னு சொல்ல முடியாது. நம்ம மாதிரி சின்னக் கடை செட்டிங்ஸ்ல போய் நிறுத்திக்கலாம். நிறுத்தணுமா? என் கருத்து, புதுக் கடையா இருந்தா முதல்ல நிறுத்தாதீங்க, ஏன்னா வித்தா மட்டும்தான் காசு எடுக்கிறாங்க, கிளிக்குக்கு எடுக்கல, முகம் தெரியாத கடையை கூகுள்ல ஒருத்தன் காசு போட்டு காட்டுறான்னா விடக்கூடாது. ஆனா அந்த 15% போனாலும் நஷ்டம் வராத மாதிரி விலை போட்டிருக்கணும், மேல சொன்ன அதே 30 டாலர்ல நாலரை டாலர் அதுக்கே போயிடும். முதல்லயே விலையில அதைச் சேருங்க. சேத்தா யாரும் வாங்கமாட்டாங்கன்னு பயமா இருந்தா அந்தப் பொருள் எட்சிக்கான பொருள் இல்லன்னு அர்த்தம்.

எட்சிக்குள்ளயே இருக்கிற விளம்பரம் வேற, அது ஒரு நாளைக்கு 1 டாலர்ல இருந்து ஆரம்பிக்கலாம், அது ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு, வித்தாலும் விக்கலன்னாலும். ரிவியூவே இல்லாத கடைக்கு அது எனக்குப் பிடிக்கல. ஆளு உள்ள வந்து பாத்து, ரிவியூ பூஜ்யம்னு திரும்பிப் போவாங்க, காசு மட்டும் போகும். ஒரு பத்து ரிவியூ சேந்த பிறகு, ஏற்கனவே ஓடுற பொருளுக்கு மட்டும் போட்டுப் பாக்கலாம்.

புதுக் கடை திறந்த உடனே இன்பாக்ஸ்ல வர்ற மெசேஜ் பத்தி எச்சரிக்கை பண்ணாம விட்டா மனசு கேக்காது. ‘உங்க அக்கவுண்ட் வெரிஃபை ஆகல, ஈமெயில் குடுங்க, இந்த லிங்க்கைத் தட்டுங்க’ன்னு வாங்குறவர் மாதிரியே, எட்சி மாதிரியே வருவாங்க. திருட்டுக் கும்பல். பதில் போடாம ரிப்போர்ட் பண்ணுங்க. இங்க உள்ளூர்லயும் ஃபாலோவர் ஏத்தித் தரேன், கடையை முதல் பக்கத்துல கொண்டு வரேன்னு காசு கேக்கிறவங்க இருக்காங்க, காசுக்கு வந்த ஃபாலோவர் யாரும் தோரணம் வாங்கமாட்டாங்க. அந்தக் காசுக்கு நல்ல நூல் வாங்கிப் போடுங்க.

எட்சி எல்லாத்தையும் செஞ்சு குடுக்காது, இதுதான் என் பெரிய குறை, அல்லது அவங்க குறைன்னு சொல்லக்கூடாது, அந்த அமைப்போட எல்லை. அது ஏற்கனவே தேடுறவங்களைத்தான் கொண்டு வரும். முதல் ரிவியூவுக்கு யார் வருவாங்க? தெரிஞ்சவங்கதான் வருவாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சிங்கப்பூர்ல இருக்கிற சித்தி, ஆஸ்திரேலியாவுல படிக்கப் போய் அங்கயே செட்டில் ஆன கூடப் படிச்சவங்க, இவங்க நிஜமாவே வாங்க நினைச்சா வாட்ஸ்அப்ல காசு அனுப்பச் சொல்லாம எட்சி லிங்க் வழியா வாங்கச் சொல்லுங்க. கமிஷன் போகும், போகட்டும், ஆனா கடையில ஒரு நிஜமான விற்பனை, ஒரு நிஜமான ரிவியூ உக்காரும். ஷேர் அண்ட் சேவ்னு ஒரு திட்டமும் வச்சிருக்காங்க, உங்க சொந்த லிங்க் மூலமா நீங்களே ஆள் கூட்டி வந்தா அந்த ஆர்டர்ல 4% உங்களுக்குத் திரும்ப வரும், கடையை நடத்துற உங்க ஷாப் மேனேஜர் பக்கத்துல அது இருக்கான்னு பாத்து சேந்துக்குங்க. ஆனா வாங்காமலே ரிவியூ போடச் சொல்றது, அது வேண்டவே வேண்டாம், கடையே போயிடும். அதே மாதிரி எட்சியில வந்த கஸ்டமரை ‘வெளிய வாங்குங்க, கம்மியா தரேன்’னு இழுக்கிறதும் அவங்க விதிக்கு எதிரானது.

உள்ளூர்ல முகம் தெரியிறதுக்கு பினாங்குல எனக்குப் பிடிச்ச இடம் ஹின் பஸ் டிப்போதான். ஜாலான் குருத்வாராவுல 1947ல கட்டின பழைய பஸ் டிப்போ, 2014ல இருந்து கலைக்கூடமா ஓடுது, ஞாயித்துக்கிழமை சந்தை போடுறாங்க. அங்க வர்றவங்க கையால செஞ்சதைப் பாக்கன்னே வர்றவங்க, தொட்டுப் பாப்பாங்க, நீங்களேவா செஞ்சீங்கன்னு கேப்பாங்க, வெளிநாட்டு டூரிஸ்ட்டும் கலந்து இருப்பாங்க. அந்த இடத்துல அன்னைக்கு எவ்வளவு வித்துச்சுன்னு மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு பேர் கையில கடையோட கியூஆர் போட்ட உங்க கார்டு போச்சுன்னு பாருங்க. பெட்டியில இடம் இல்லன்னு வாங்காமப் போற டூரிஸ்ட், ஊருக்குப் போய் அந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி கடையைப் பாப்பாங்க. கார்டுல கடைப் பேர் சின்னதா, பேசிக் காமிச்சா எழுத வர்ற மாதிரி இருக்கணும். ரொம்ப அழகா யோசிச்சு வச்ச பேரை ஒருத்தருக்கும் ஸ்பெல்லிங் போடத் தெரியலன்னா அந்தப் பேர் உங்களுக்கு உதவாது. கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, இருக்கிறவங்களுக்கு பாசார் செனி பக்கமும் ரெக்ஸ் கேஎல்லும் இருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல தீபாவளி நேரத்துல கடை போடுறதும் நல்ல கூட்டம்தான், ஆனா அங்க வர்ற கூட்டம் அவசரத்துல வர்ற கூட்டம், பின்னலைப் பத்திப் பேச நேரம் இருக்காது.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம், கேட்டலாக்ல 500 பொருள் வரைக்கும் போடலாம், அதை உள்ளூர் ஆர்டருக்கு வச்சுக்குங்க. பேங்க் ஆப்ல ஸ்கேன் பண்ணி அனுப்புற டியூட்நவ் கியூஆர்ல காசு வந்துடும், எட்சி கமிஷன் தொல்லை இல்ல. விலையை மட்டும் தயவு செஞ்சு போட்டுடுங்க. ‘பிஎம் தெப்பி’ன்னு, அதாவது தனியா மெசேஜ் பண்ணுங்கன்னு, எழுதி விலையை மறைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ஆன்லைன் வியாபாரத்துக்கான நுகர்வோர் விதிப்படி முழு விலை, கடைக்காரர் பேர், பதிவு நம்பர், தொடர்பு விவரம் எல்லாம் காட்டியே ஆகணும். எஸ்எஸ்எம், அதாவது மலேசியாவுல தொழிலைப் பதிவு பண்ற அரசாங்க அமைப்பு, அங்க பதியிறதும் பெரிய செலவு இல்ல, சொந்தப் பேர்லன்னா வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வச்சா 60 வெள்ளி, தொழில் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பண்ணிடணும், அவங்க ஈஸிபிஸ் வெப்சைட்ல வீட்டுல இருந்தே முடியும். வாங்குறவங்க இப்ப ஏமாந்து ஏமாந்து உஷாரா இருக்காங்க, பதிவு நம்பர் இருக்கிற கடைன்னா நம்பி ஆர்டர் குடுப்பாங்க.

அனுப்புறதுல கவனம் வேணும். தோரணம் மடிச்சா சின்னதா போயிடும், எடை இல்ல, அதனால டெலிவரி காசு தாங்கும். பீங்கான், கண்ணாடி, கனமான மரம் செய்யிறவங்க இந்தக் கணக்கை முதல்லயே போட்டுப் பாக்கணும், பொருளை விட டெலிவரி அதிகமாச்சுன்னா எட்சி உங்களுக்கு இல்ல, உள்ளூர்லயே வளருங்க. அமெரிக்காவுக்கு அனுப்புறவங்களுக்கு ஒரு பெரிய மாற்றம், முன்னாடி 800 டாலருக்குள்ள இருந்தா வரி இல்லாம உள்ள போயிடும், அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29ல இருந்து நிறுத்திட்டாங்க. இப்ப சின்ன பார்சலுக்கும் வரி வரும், அதை யார் கட்டுறது, எப்படிக் கட்டுறதுன்னு போஸ் மலேசியாகிட்டயோ கூரியர்கிட்டயோ கேட்டுட்டு அப்புறம் அமெரிக்காவைத் திறந்து விடுங்க. இல்லன்னா பார்சல் அங்க போய் நிக்கும், வாங்குறவர் கோவம் உங்க ரிவியூவுல வந்து நிக்கும். இங்கிலாந்துக்கு 135 பவுனுக்குள்ள, ஆஸ்திரேலியாவுக்கு 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குள்ளன்னா அந்த நாட்டு விற்பனை வரியை, பொருள் வாங்கும்போதே எட்சியே வசூல் பண்ணிக் கட்டிடும், நமக்குத் தலைவலி இல்ல. புதுக் கடைக்கு நான் அந்த ரெண்டு நாட்டையும் சிங்கப்பூரையும்தான் முதல்ல சொல்வேன், நம்ம ஆளுங்களும் அங்க நிறைய இருக்காங்க.

இன்னொண்ணு, புதுக் கடைக்கு வித்த பணத்துல ஒரு பகுதியை எட்சி கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம், பார்சல் போய்ச் சேர்ற வரைக்கும் பாதுகாப்புக்குன்னு. அதனால முதல் மாசம் வர்ற காசை நம்பி நூல் கடைக்காரர்கிட்ட கடன் சொல்லாதீங்க.

யாருக்கு இதைச் சொல்வேன்? தோரணம், கொலு சாமான், தமிழ் எழுத்துல பேர் போட்ட தொட்டில் துணி, கோலம் போட்ட மரப்பலகை, டெரகோட்டா ஜிமிக்கி, இப்படி ஊர் விட்டு ஊர் போனவங்க ஏங்குற சாமான் செய்யிறவங்களுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், தயங்காம திறங்க. எல்லா ஊர்லயும் கிடைக்கிற ரெசின் கீ செயின், சோப்பு, மெழுகுவர்த்திக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் உங்களுக்குன்னு ஒரு தனி முத்திரை இருந்தாதான். உடனே காசு வேணுங்கிற நிலைமையில இருக்கிறவங்க முதல்ல வாட்ஸ்அப்பையும் ஞாயித்துக்கிழமை சந்தையையும் பிடிங்க, எட்சி பொறுமை கேக்கும்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை. வெளிநாட்டுல இருக்கிறவங்க செப்டம்பர்லயே தேட ஆரம்பிச்சுடுவாங்க, பார்சல் போகவே வாரக் கணக்கு ஆகும், அதனால ஆகஸ்ட்லயே லிஸ்டிங் ஏறியிருக்கணும், போட்டோ ஜூலைலயே எடுத்து முடிச்சிருக்கணும். கொலு சாமான் செய்யிறவங்க அதுக்கும் ஒரு மாசம் முன்னாடி. கடைசி எந்தத் தேதிக்குள்ள ஆர்டர் பண்ணா எந்த நாட்டுக்குப் போய்ச் சேரும்னு கடை அறிவிப்புல நாடு வாரியா எழுதி வச்சுடுங்க. தோரணம், ஜிமிக்கி செய்யிறவங்க யாராவது டேக் எழுதிட்டு சரியான்னு பாக்கச் சொன்னா அனுப்புங்க, ராத்திரி வேலை முடிஞ்சதும் உக்காந்து பாத்துச் சொல்றேன்.